வண்டிச் சக்கரத்தில் ஏற்றிய சுடர்கள்

ஜெர்மனியின் வடபகுதியிலுள்ள ஹாம்பர்க் நகரில் டிசம்பர் மாதத்துச் சூரியன் காலை எட்டரை மணியளவில்தான் எழும்புகிறது. மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் வானம் பெரும்பாலும் மேகத்தால் மூடிக்கிடக்கும். மின்விளக்கு இல்லாத 1839ஆம் ஆண்டில் அந்த இருள் எப்படி இருந்திருக்கும் என்பதை வெயிலில் வளர்ந்த நம்மால் எளிதில் எண்ணிப்பார்க்க இயலாது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாய் வந்தது. கிறிஸ்துவின் வருகையை நினைந்து காத்திருக்கும் அட்வெந்து நாட்களின் முதலாம் ஞாயிறும் அதுவே. நகருக்கு வெளியே ஹோர்ன் என்னும் ஊரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமொன்றின் ஜெபக்கூடத்தில், மரத்தாலான ஒரு வண்டிச் சக்கரம் தொங்கவிடப்பட்டிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றிலும் மெழுகுவர்த்திகள். பெரிய வெள்ளை வர்த்திகள் நான்கு. சிறிய சிவப்பு வர்த்திகள் இருபது. அன்று எரிந்ததோ ஒரே ஒரு வெள்ளைச் சுடர்.

இன்று உலகெங்கும் ஆலயங்களிலும் வீடுகளிலும் ஏற்றப்படும் அட்வெந்து வளையத்தின் தொடக்கம் இதுவே. அதை அமைத்தவர் யோஹான் ஹின்ரிக் விஹெர்ன். சபை வரலாறு அவரை உள்நாட்டு அருட்பணியின் தந்தை என்று போற்றுகிறது. மாநாட்டு மேடைகளிலும் அரசின் அலுவலகங்களிலும் அவர் செய்த வேலைகளை விரிவாய்க் கூறும் நூல்கள் உண்டு. ஆனால், யாருடைய வாக்கையும் நம்பக் காரணமில்லாத பிள்ளைகளுக்கு ஒரு வாக்குத்தத்தத்திற்காகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தவர் என்ற முறையிலேயே அவரை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

விஹெர்ன் 1808ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி ஹாம்பர்க்கில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனார் வண்டியோட்டியாய் வாழ்க்கையைத் தொடங்கி, தம் முயற்சியால் பல மொழிகளைக் கற்று, அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளராகவும் நோட்டரியாகவும் உயர்ந்தவர். அந்நாட்களில் நகரம் நெப்போலியனுடைய படைகளின் பிடியில் இருந்தது. 1813ஆம் ஆண்டின் கடுங்குளிரில், முற்றுகையைத் தாங்கப் போதிய உணவைச் சேமித்து வைக்க இயலாத ஏழைகள் பல்லாயிரம்பேர் நகருக்கு வெளியே துரத்தப்பட்டார்கள். அப்போது விஹெர்னுக்கு ஐந்து வயது. வறுமை என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த பொருள் அல்ல.

1823ஆம் ஆண்டில் தகப்பனார் மரித்தார். பதினைந்து வயதான மூத்த மகனின் தோளில் தாயையும் ஆறு உடன்பிறந்தவர்களையும் தாங்கும் பொறுப்பு விழுந்தது. பகலில் பள்ளியில் மாணவனாய் இருந்து, மற்ற நேரங்களில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடமும் இசையும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். அதுவும் போதாதபோது படிப்பைப் பாதியில் நிறுத்தி, விடுதியுடன் கூடிய ஒரு தனியார் பள்ளியில் உதவி ஆசிரியரானார். போதகராக வேண்டும் என்ற வாஞ்சை மட்டும் அவரை விடவில்லை. அதை அறிந்த நகரத்து விசுவாசிகள் சிலர் பொருளுதவி செய்ய முன்வந்தார்கள். 1828இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் பெர்லினிலும் இறையியல் பயின்றார். பெர்லினில் ஷ்லையர்மாஹர், நியாண்டர் போன்ற பேரறிஞர்களின் வகுப்புகளில் அமர்ந்தார். எனினும், வேலையிழந்த நெசவாளர்களுக்காகத் தம் செல்வத்தைச் செலவிட்டு இல்லம் நடத்திய முதியவர் பாரன் கோட்விட்ஸின் நட்பே அவருடைய பாதையை முடிவு செய்தது எனலாம். அங்கே அவர் இறையியலைக் கைகளாலும் கால்களாலும் வாழ்ந்துகாட்டிய ஒரு மனிதரைக் கண்டார்.

1832இல் தேர்வில் தேறிச் சொந்த ஊருக்குத் திரும்பினார். போதகராக நியமனம் உடனே கிடைக்கவில்லை. செயின்ட் கியோர்க் என்னும் புறநகர்ப் பகுதியில் ராட்டன்பெர்க் போதகர் நடத்திவந்த ஞாயிறு பள்ளியில் தலைமை ஆசிரியராய்ச் சேர்ந்தார். வராத பிள்ளைகளைத் தேடி அவர்களுடைய வீடுகளுக்குச் செல்வது அந்தப் பள்ளி ஆசிரியர்களின் வழக்கம். அந்தச் சந்திப்புகள்தாம் அவரை உலுக்கின. இருண்ட சந்துகள், ஒரே அறையில் பல குடும்பங்கள், மதுவில் மூழ்கிய தகப்பன்மார், பிச்சையெடுக்கவும் திருடவும் அனுப்பப்பட்ட பிள்ளைகள். தாம் கண்டவற்றை வீடு வீடாக, குடும்பம் குடும்பமாக அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வேத வசனம் கற்கும் பிள்ளை, மீதி ஆறு நாட்களும் அந்தச் சந்திலேயே வாழ்கிறான். பள்ளி போதாது, அவனுக்கு ஒரு வீடு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

1833ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி நகரத்துப் பெரியோர் முன்னிலையில் அவர் இந்தப் பாரத்தை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. நகர ஆட்சியில் உயர்பதவி வகித்த கார்ல் சீவெக்கிங் ஹோர்னில் தமக்கிருந்த நிலத்தையும் அதிலிருந்த கூரைவேய்ந்த பழைய சிறு வீட்டையும் கொடுத்தார். அந்த வீட்டுக்கு ரௌஹெஸ் ஹவுஸ் என்று பெயர். கரடுமுரடான வீடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அக்டோபர் மாத இறுதியில் விஹெர்ன் தம் தாயாருடனும் சகோதரியுடனும் அங்கே குடியேறினார். நவம்பரில் முதல் சிறுவர்கள் வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டு பேராகிவிட்டார்கள். பெரும்பாலோர் காவலர்களுக்கும் சிறைக்கும் முன்பே பழக்கமானவர்கள்.

இல்லத்திற்கு மதிலில்லை, கதவுகளுக்குத் தாழ்ப்பாளில்லை. அந்நாட்களில் இத்தகைய சிறுவர்களுக்கென்று இருந்தவை சிறைகளும் கட்டாய உழைப்புக்கூடங்களுமே. அவற்றை அறிந்தவர்களுக்கு விஹெர்னின் ஏற்பாடு பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். புதிதாய் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் கடந்தகாலம் முழுவதும் மன்னிக்கப்பட்டுவிட்டது என்றும், இனி அதைப்பற்றி இந்த வீட்டில் யாரும் பேசப்போவதில்லை என்றும் அவர் அறிவிப்பார். மன்னிப்பு முதலில், திருந்துதல் அதற்குப் பின்னால். சுவிசேஷத்தின் ஒழுங்கும் அதுதானே! இந்த ஒழுங்கைப் பிரசங்கிப்பவர்கள் பலர். திருட்டுப் பழக்கமுள்ள பிள்ளைகளைச் சொந்தத் தாயும் சகோதரியும் வாழும் வீட்டுக்குள் அழைத்துவந்து அதைச் செய்துகாட்டுபவர்கள் சிலரே. ஓடிப்போன பிள்ளைகளும் உண்டு; பழைய பழக்கத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு. கதவில் தாழ்ப்பாள் ஏறவில்லை.

எண்ணிக்கை பெருகியபோது அவர் பெரிய விடுதியொன்றைக் கட்டவில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனிச் சிறுவீடு அமைத்தார். 1834இல் எழும்பிய அடுத்த வீட்டைக் கட்டும் வேலையில் சிறுவர்களும் பங்கெடுத்தார்கள். விரைவில் பெண்பிள்ளைகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்தோடும் சகோதரர் என்று அழைக்கப்பட்ட ஓர் இளைஞர் தங்கி, உண்டு, உறங்கி, வேலைசெய்தார். தையல், செருப்புத் தைத்தல், தச்சு, புத்தகம் கட்டுதல், அச்சுவேலை, தோட்டவேலை எனத் தொழில்கள் கற்பிக்கப்பட்டன. 1835இல் ஞாயிறு பள்ளி ஊழியத்தில் உடன் உழைத்த அமாந்தா போமே அம்மையாரை விஹெர்ன் மணந்தார். இல்லத்துப் பிள்ளைகளுக்கு அவர் தாயானார். விஹெர்ன் ஊர் ஊராய்ப் பயணம் செய்த ஆண்டுகளில் இல்லத்தின் அன்றாடச் சுமை இந்த அம்மையாரின் தோளில் இருந்தது. வாழ்க்கை வரலாறுகள் இவருக்கு ஒதுக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. நம் மிஷனெரிக் குடும்பங்களிலும் பலருக்கு நேர்வது இதுவே.

இனி அட்வெந்து நாட்களுக்கு வருவோம். கிறிஸ்மஸ் எப்போது வரும், இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், அதற்கு விடையாகவே விஹெர்ன் சக்கரத்தில் வர்த்திகளை ஏற்றியதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கேள்வி சிறியதாய்த் தோன்றலாம். கேட்டவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் அதன் கனம் புரியும். நல்ல வீட்டில் வளரும் பிள்ளை, பண்டிகை வரும் என்று தெரிந்து, அது சீக்கிரம் வரட்டும் என்று கேட்கிறது. சந்தில் வளர்ந்த பிள்ளையோ, அது வருமா என்பதையே சந்தேகித்துக் கேட்கிறான். வருகிறேன் என்று சொல்லிப்போன தகப்பன் வராத வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஏமாற்றம் என்றே எடுத்துக்கொள்ளப் பழகியவர்கள். காத்திருப்பது அவர்களுக்குச் சுகமான காரியமாய் இருந்திருக்க முடியாது.

இத்தகைய பிள்ளைகளிடம் வாக்குத்தத்தத்தைப்பற்றிப் பிரசங்கம் செய்வதைவிட, அது நிறைவேறிக்கொண்டே வருவதைக் கண்ணால் காணச் செய்வது மேல் என்று விஹெர்ன் உணர்ந்திருக்க வேண்டும். சக்கரத்தை அமைப்பதற்கு முன்பிருந்தே அட்வெந்து ஆராதனைகளில் மெழுகுவர்த்திகளை ஏற்றும் வழக்கம் அந்த இல்லத்தில் தோன்றியிருந்தது. மேசியாவைப்பற்றிய தீர்க்கதரிசன வார்த்தைகள் வாசிக்கப்படும், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சுடர் ஏற்றப்படும், பிள்ளைகள் பாடுவார்கள். 1839ஆம் ஆண்டில் இது சக்கரத்தின் வடிவம் பெற்றது. ஞாயிறுதோறும் ஒரு பெரிய வெள்ளை வர்த்தி. வார நாட்களில் நாளுக்கு ஒன்றாகச் சிறிய சிவப்பு வர்த்தி. நேற்று ஏற்றியதும் எரியும், இன்றையதும் எரியும். நாளைக்கென்று ஏற்றப்படாத வர்த்தி அதனிடத்தில் நின்றுகொண்டிருக்கும். அதன் முறை தப்பாது என்பதை ஒரு வாரத்திற்குள் எந்தப் பிள்ளையும் அறிந்துகொள்ளும்.

அந்த ஆண்டு முதல் ஞாயிறு டிசம்பர் முதல் தேதியில் வந்ததால் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்வரை இருபத்துநான்கு நாட்கள். ஆகவே இருபத்துநான்கு வர்த்திகள். எல்லா ஆண்டும் இப்படி அமைவதில்லை. அட்வெந்து முதலாம் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரலாம். அதற்கேற்ப நாட்கள் இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு வரை மாறும். வெள்ளை வர்த்தி எப்போதும் நான்குதான். சிவப்பு மட்டும் கூடும், குறையும். எண்ணத் தெரியாத பிள்ளைகளும் இதைக்கொண்டு எண்ணக் கற்றிருப்பார்கள்.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. வட ஐரோப்பாவில் டிசம்பர் 21ஆம் தேதிவரை பகல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகும். அதாவது, பிள்ளைகள் கூடும் ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்கு வெளியே இருள் நேற்றைவிட நீண்டிருக்கும். அறைக்குள் வெளிச்சம் நேற்றைவிட ஒரு சுடரளவு கூடியிருக்கும். ஏசாயா தீர்க்கதரிசி இருளில் நடக்கும் ஜனத்தைப்பற்றி உரைத்ததை இதைவிடத் தெளிவாய் ஒரு பிள்ளைக்கு விளக்க எந்த உரையாசிரியராலும் இயலாது. கடைசி நாளில் சக்கரம் முழுவதும் எரியும்போது கூடமே ஒளிமயமாகும். விஹெர்னின் சொந்தப் பிள்ளைகளும் இந்த வெளிச்சத்தில்தான் வளர்ந்தார்கள். மூத்தமகள் கரோலினா 1836இல் பிறந்தவர். முதல் சக்கரம் எரிந்தபோது மூன்று வயதுச் சிறுமி. வளர்ந்தபின் அவர் இசையாசிரியையாகவும் பாடல்களுக்கு இசையமைப்பவராகவும் விளங்கினார்.

தொடக்கத்தில் சக்கரத்தில் இலைகள் இல்லை. ஊசியிலை மரத்தின் பசுங்கிளைகளால் அதை அலங்கரிக்கும் வழக்கம் ஏறத்தாழ 1860ஆம் ஆண்டளவில் வந்தது. ரௌஹெஸ் ஹவுஸில் பயிற்சிபெற்ற சகோதரர்கள் ஜெர்மனியின் பல பகுதிகளிலுள்ள பிள்ளைகள் இல்லங்களுக்கும் நகர ஊழியங்களுக்கும் சென்றபோது இந்த வழக்கமும் அவர்களோடு சென்றது. வீடுகளுக்கு அவ்வளவு பெரிய சக்கரம் பொருந்தாதாகையால் நான்கு வர்த்திகள் மட்டுமுள்ள சிறு வளையம் உருவாயிற்று. 1925இல் கொலோன் நகரத்துக் கத்தோலிக்க ஆலயமொன்றிலும் அது தொங்கவிடப்பட்டது. சபைப்பிரிவுகளுக்கிடையே இருந்த சுவரைப் பெரிய உபதேச நூல்கள் தாண்ட இயலாதபோது, பிள்ளைகளுக்கென்று செய்யப்பட்ட ஒரு வளையம் எளிதாய்த் தாண்டிச் சென்றுவிட்டது.

பிரியமான வாசகர்களே, இங்கே சற்று நின்று நம் வீடுகளையும் பார்க்கலாம். டிசம்பர் பிறந்தவுடன் கீதபவனி, நாடக ஒத்திகை, புத்தாடை, பலகாரம் என்று நம் பிள்ளைகளின் நாட்கள் நிரம்பிவிடுகின்றன. எல்லாம் நல்லவையே. ஆனால் கிறிஸ்மஸை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொண்டாடத் தொடங்கி, இருபத்தைந்தாம் தேதி களைத்துப்போகிற பிள்ளைக்குக் காத்திருத்தலின் மகிழ்ச்சி தெரியாமலே போய்விடுகிறது. அட்வெந்து நாட்கள் கிறிஸ்மஸின் முன்னோட்டம் அல்ல. அவை தமக்கென்று ஒரு சுவையுள்ள நாட்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வளையம் அதற்கு அவசியமில்லை. விஹெர்ன் எடுத்தது ஒரு வண்டிச் சக்கரம். ஊசியிலை மரம் வளராத ஊர்களில் மாவிலையும் தென்னங்குருத்தும் உண்டு. குயவர் வனைந்த அகல் விளக்குகள் உண்டு. சுடரைப் பெரியவர்கள் ஏற்றாமல் பிள்ளையின் கையால் ஏற்றச் செய்வதும், அன்றைய வேதபகுதியை அந்தப் பிள்ளையே வாசிக்கச் செய்வதும் நலம். பணித்தளங்களில் விடுதிப் பிள்ளைகளைப் பராமரிப்போருக்கு இதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இன்னும் எத்தனை நாள் என்ற கேள்வி அவர்கள் காதுகளுக்கு நன்றாய்ப் பழக்கமானது.

விஹெர்னின் எஞ்சிய வாழ்க்கை பெரிய களங்களில் கழிந்தது. ஜெர்மானியச் சபைகள் தூரதேசங்களுக்கு மிஷனெரிகளை உற்சாகமாய் அனுப்பிய காலம் அது. 1840இல் டிரெஸ்டனிலிருந்து அனுப்பப்பட்ட கார்டெஸ் தரங்கம்பாடிக்கு வந்தார். 1845இல் பெர்லினிலிருந்து கோஸ்னர் அனுப்பிய நால்வர் ராஞ்சியை அடைந்தார்கள். நம் தேசம் அந்த ஊழியத்திற்குக் கடன்பட்டிருக்கிறது. விஹெர்னும் அதை மதித்தார். ஆனால் அதே நாட்களில், ஞானஸ்நானம் பெற்றிருந்தும் சுவிசேஷத்தை அறியாமல், பசியிலும் குற்றத்திலும் கிடந்த சொந்த நகரத்து மக்களிடம் யார் செல்வது என்று அவர் ஓயாமல் கேட்டார். 1844இல் தாமே ஒரு பத்திரிகை தொடங்கி எழுதினார். சொந்த தேசத்தின் ஆத்துமாக்களுக்காகப் பாரமெடுக்கும் எந்த மிஷன் இயக்கத்திற்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

1848ஆம் ஆண்டு அவருக்கு விடை தேடும் ஆண்டாயிற்று. அதன் தொடக்கத்தில் மேல் சைலேசியாவில் பஞ்சமும் டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்து தாக்கி, எண்ணற்ற பிள்ளைகளை அநாதைகளாக்கின. விஹெர்ன் தம் சகோதரர்களை அழைத்துக்கொண்டு அங்கே விரைந்தார். அதே ஆண்டில் ஜெர்மன் நாடுகளெங்கும் புரட்சி வெடித்தது. செப்டம்பரில், லூத்தர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கும் விட்டன்பெர்க் கோட்டை ஆலயத்தில் சுவிசேஷச் சபைகளின் தலைவர்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடினார்கள். சபைகளை ஒன்றிணைப்பது எப்படி என்பதே கூட்டத்தின் பொருள். 22ஆம் தேதி விஹெர்ன் எழுந்து, ஆயத்தமான உரை எதுவும் கையில் இன்றி, ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் பேசினார். ஏழைகளிடம் காட்டும் அன்பு சபையின் ஓய்வுநேர வேலையல்ல, விசுவாச அறிக்கையைப்போலவே அது சபையின் உயிர்நாடி என்பதே அவர் உரையின் சாரம். அதன் பலனாக உள்நாட்டு அருட்பணிக்கான மையக்குழு உருவாயிற்று. மறு ஆண்டில் அதற்கான விரிவான திட்ட அறிக்கையை எழுதியவரும் அவரே. பின்னாளில் ஜெர்மன் சுவிசேஷச் சபைகளின் சமூகப்பணி அமைப்பாய் வளர்ந்த பெருமரத்தின் வேர் இங்கே இருக்கிறது.

அவருடைய பார்வைக்கும் எல்லைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. மக்களின் துயரத்திற்கு அவிசுவாசத்தையே முதல் காரணமாய்க் கண்ட அவர், ஆலைகளின் குறைந்த கூலியையும் நீண்ட வேலைநேரத்தையும் போதிய அளவு எடைபோடவில்லை. அரசாட்சியின்மேல் அவர் வைத்த நம்பிக்கையும் அதிகம். 1857இல் பிரஷ்ய அரசின் பணியில் சேர்ந்து, சிறைகளைச் சீர்திருத்தப் பெரும்பாடுபட்டார். பெர்லினின் மோவாபிட் சிறையில் ரௌஹெஸ் ஹவுஸ் சகோதரர்களைக் காவலர்களாய் அமர்த்தினார். இதற்கு எழுந்த எதிர்ப்பு கடுமையானது. பாராளுமன்றத்தின் ஆதரவும் கிடைக்கவில்லை. திட்டத்தின் பெரும்பகுதி நின்றுபோயிற்று. பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு குடும்பமாகப் பார்த்த கண்களுக்கு, ஆயிரக்கணக்கான கைதிகளைக்கொண்ட ஓர் அரசு இயந்திரம் வசப்படவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். பெர்லினில் 1858இல் அவர் நிறுவிய யோவான் இல்லமோ நிலைத்தது. 1864, 1866, 1870ஆம் ஆண்டுகளின் போர்க்களங்களில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்யவும் அவர் சகோதரர்களை அனுப்பினார்.

இவ்வளவு உழைப்பையும் அவர் சரீரம் தாங்கவில்லை. பக்கவாதம் தாக்கிப் பெலன் குன்றியது. 1870களின் தொடக்கத்தில் ஹோர்னுக்கே திரும்பிவந்து, 1873இல் இல்லத்தின் பொறுப்பை மகன் யோஹானஸிடம் ஒப்படைத்தார். அதன்பின் நீண்ட ஆண்டுகள் வேதனையோடு கழிந்தன. பேச்சினால் பேரவைகளை அசைத்தவர் ஒதுங்கிய அறையில் படுத்திருந்தார். தாம் பிறருக்குக் கற்றுக்கொடுத்த காத்திருத்தல் அவருக்கே பங்காய் வந்தது. இம்முறை நாட்களை எண்ணிச்சொல்ல எதிரில் சக்கரம் எதுவும் இல்லை. 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, எழுபத்துமூன்று வயது நிறைவடைய இரண்டு வாரங்கள் இருக்கையில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இல்லத்திற்கு அருகிலுள்ள ஹாம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டார்.

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹாம்பர்க்கின்மேல் பொழிந்த குண்டுகளால் நகரத்தின் பெரும்பகுதி தீக்கிரையானது. ரௌஹெஸ் ஹவுஸின் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த நெருப்பில் அழிந்தன. போருக்குப்பின் அவை திரும்ப எழும்பின. கூரைவேய்ந்த பழைய சிறு வீடும் முந்தைய அமைப்பிலேயே மீண்டும் கட்டப்பட்டு நிற்கிறது. பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த இல்லம் தொடர்ந்து பணிசெய்துவருகிறது. நான்கு வர்த்தி வளையம் உலகெங்கும் பரவிவிட்டபோதிலும், பெரிய சக்கரமும் மறக்கப்படவில்லை. ஹாம்பர்க்கில் அட்வெந்து முதலாம் ஞாயிறன்று அது மறுபடியும் தொங்கவிடப்படுகிறது. முதல் வெள்ளை வர்த்தி அன்று ஏற்றப்படுகிறது, மறுநாள் ஒரு சிறிய சிவப்பு வர்த்தி.